ஹீட்டர் எதுக்கு நங்கி?

பஞ்சிகாவத்தையில் நாங்கள் ஏறி இறங்கிய முதல் ஏழு கடைகளிலும் ஒரே கேள்விதான். "ஹீட்டர் எக மொகடத நங்கி?" ஹீட்டர் எதுக்கு தங்கச்சி? ஆறாவது கடைக்காரர் வாசலுக்கு வந்து வானத்தைக் காட்டிவிட்டுச் சிரித்தார். அவரில் பிழை இல்லை. மே மாதக் கொழும்பு. எங்கள் இரண்டு பேரின் டீசேர்ட்டும் வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு பழைய டபிள் கெப் ஒன்றுக்கு ஹீட்டர் கோர் இருக்கா என்று கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். எழுதுவது கலைப்பீடத்தில் படிக்கிற அக்கா, பிழை பிடிப்பது தங்கச்சி. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நாங்கள்தான்.

வண்டி அப்பாவுடையது. 1991இல் ஜப்பானில் செய்த டீசல் டபிள் கெப். அப்பா அதை 2005இல் மூன்றாவது கையாக வாங்கினார். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் லேனில், வீட்டை விட அந்த வண்டியைச் சொன்னால்தான் ஆட்களுக்கு எங்களைத் தெரியும். அப்பாவுக்கு ஹயர் ஓடுவதுதான் தொழில். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகளைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குக் கொண்டுபோய் விடுவார். ஊரில் ஒரு சாவு என்றால் இரவு பன்னிரண்டு மணிக்கும் ஃபோன் வரும். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, எங்கே என்றாலும் அப்பா போவார். அவரும் அங்கே இருந்து வந்தவர்தான்.

புது வண்டி வாங்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் பழைய வண்டிக்கெல்லாம் தங்க விலை. உள்ளதைப் பழுது பார்த்து ஓடுவதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

2022 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீசலுக்கு வரிசை, கியூஆர் கோட், எல்லாம். அந்த வருடம் அப்பா ரேடியேட்டருக்குக் கூலன்ட் வாங்கவில்லை. குழாய்த் தண்ணியை ஊற்றினார். அவர் மட்டுமில்லை, பாதிக் கொழும்பு அப்படித்தான் ஓடியது. கூலன்ட் என்பது வெறும் நிறத் தண்ணி என்று நாங்களும் நினைத்திருந்தோம். உள்ளே துரு பிடிக்காமல் பார்ப்பது அதில் கலந்திருக்கிற மருந்துகள். அது இல்லாத தண்ணி இரும்பையும் ஈயப் பற்றையும் மெதுவாகத் தின்னும், உப்பும் படியும். 2023 கடைசியில் கையில் கொஞ்சம் காசு புழங்கியபோது அப்பா திரும்பவும் பச்சைக் கூலன்ட் ஊற்றினார். அதற்குள் தின்ன வேண்டியதைத் துரு தின்றுவிட்டிருந்தது.

2024 ஜனவரியில் வண்டிக்குள் ஒரு இனிப்பு வாசம். கித்துள் பாணி காய்ச்சுகிற மாதிரி. அம்மா பின் சீட்டில் பாணிப் போத்தல் ஏதும் கவிழ்ந்திருக்கிறதா என்று தேடினார். பிறகு முன்னால் இடது பக்கக் காலடியில் காப்பெட் ஈரம். முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசின மாதிரி ஒரு படலம், துணியால் துடைத்தால் இழுபட்டுக்கொண்டே போகும். கராஜில் பாஸ் பார்த்த உடனே சொன்னார், ஹீட்டர் கோர் போயிருக்கு என்று.

ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்கு நடுவில், பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் ஒளிந்திருக்கிற குட்டி ரேடியேட்டர். ஒரு தடித்த புத்தகம் அளவு. எஞ்சினில் சூடான தண்ணியில் கொஞ்சம் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் வந்து, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகும். அதன் மேல் காற்றை ஊதினால் சூடான காற்று. அவ்வளவுதான். அதில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் தண்ணி உங்கள் காலில் ஒழுகும், ஆவி உங்கள் மூக்குக்குள் போகும். அந்த இனிப்பு வாசம் எத்திலீன் கிளைக்கோல், குடித்தால் ஆளைக் கொல்கிற சாமான். அப்பா அதைத்தான் நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டு ஓடினார்.

கராஜில் செய்த வைத்தியம் ஐந்து நிமிடம். இரண்டு ஹோஸையும் கழற்றி, வளைந்த குழாய் ஒன்றால் ஒன்றோடொன்று பூட்டிவிட்டார்கள். தண்ணி ஹீட்டருக்குப் போகாமல் அப்படியே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். பைபாஸ். "கொழும்பே ஹீட்டர்தானே, உள்ள வேற எதுக்கு?" என்று பாஸ் பகிடி விட்டார், நாங்களும் சிரித்தோம். உண்மையைச் சொன்னால் கொழும்புக்கு அது நல்ல வைத்தியம்தான். ஏசி முன்பை விடக் குளிர்ந்தது. குளிர்ந்த காற்றும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும். ஹீட்டருக்குத் தண்ணி விடுகிற வால்வு பழசாகி ஒழுங்காக மூடாவிட்டால் ஏசிக் காற்று அந்தச் சூட்டைத் தொட்டுக்கொண்டுதான் வெளியே வரும்.

பிறகு மார்ச் மாதம் ஒரு இரவு. தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அப்பாயிக்குச் சுகமில்லை, உடனே வாங்க என்று ஃபோன். பத்தரைக்கு வெளிக்கிட்டோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நாங்கள் இரண்டு பேர். அவிசாவளை, கித்துல்கலை வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. கினிகத்தேனையில் ஏறும்போது மழை விட்டிருந்தது, ஆனால் மலை முழுக்கப் பனி. அந்தப் பாதையில் அடுத்து வருகிற வட்டவளை, இலங்கையிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கே எங்கள் முன் கண்ணாடி உள்ளே இருந்து வெள்ளையாகிவிட்டது.

ஐந்து பேரின் மூச்சு, நனைந்த உடுப்பு, வெளியே குளிர். அப்பா ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினார். உள்பக்கம் கொஞ்சம் தெளிந்தது, அடுத்த நிமிடம் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் வெள்ளையானது. வைப்பர் போட்டால் தெளியும், மறுபடி மூடும். ஏசியை நிறுத்தினால் உள்பக்கம். தங்கச்சி தலையணை உறையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இடது பக்கம் எப்போதும் போல ஒன்றுமே தெரியவில்லை. அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். ஒரு வளைவில் எதிரே லொறி வெளிச்சம். அப்பா ஒதுக்கினார், இடது பக்கப் பின் சில்லு கானுக்குள் இறங்கியது. கான் இல்லாத இடமாக இருந்தால் அந்தப் பக்கம் பள்ளம்.

சில்லை எடுக்க ஒன்றரை மணி நேரம் போனது. அந்த லொறிக்காரர்களே இறங்கி வந்து தள்ளினார்கள், பேர் கூடக் கேட்கவில்லை. நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேரும்போது விடிய நாலரை. அப்பாயி மூன்று மணிக்கே போயிட்டாங்க.

அப்பா ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கருமாதி முடிந்து கொழும்புக்கு வந்த பிறகும் பேசவில்லை. நாங்கள்தான் தேடிப் படித்தோம். குளிர்நாட்டு ஆட்கள் இதைச் சின்ன வயதிலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பனி மூடின கண்ணாடிக்கு ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக வேண்டும். காற்று முதலில் ஏசியின் குளிர்ந்த எவபரேட்டரைத் தாண்டும். அங்கே காற்றில் இருக்கிற ஈரம் தண்ணியாகி, அடியில் உள்ள குழாயால் ரோட்டில் சொட்டும். காய்ந்த அந்தக் காற்று பிறகு ஹீட்டர் கோரைத் தாண்டிச் சூடாகிக் கண்ணாடிக்குப் போகும். காய்ந்த காற்று ஈரத்தை உறிஞ்சும், சூடு கண்ணாடியைத் திரும்பவும் பனிக்காமல் வைத்திருக்கும். டாஷ்போர்டுக்குள் இரண்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தது அதற்கும் சேர்த்துத்தான். கொழும்பில் இருந்து பார்த்தால் அதில் பாதி வீண் சாமான்.

மே தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கும் மேல் இழுபட்டது. கம்பஸ் இல்லை, நூலகம் இல்லை. "நாங்களே மாத்துறோம்" என்று அப்பாவிடம் சொன்னோம். "டாஷ்போர்ட கழட்டணுமேடி" என்றார். கழற்றுவோம் என்றோம். கராஜில் கூலி கேட்டபோது மூன்று நாள் வேலை என்று சொல்லியிருந்தார்கள், மூன்று நாள் ஹயரும் இல்லாமல் கூலியும் கொடுப்பது நடக்காத காரியம்.

ஆகவே பஞ்சிகாவத்தை. போகாதவர்களுக்கு: மருதானைப் பக்கம், தெரு முழுக்க வாகன உதிரிப்பாகம். ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்புகிற வண்டிகள் "ஹாஃப் கட்" என்ற பேரில் வந்து இறங்கும். கதவு ஒரு கடை, எஞ்சின் ஒரு கடை, லைட் மட்டுமே விற்கிற கடை என்று பிரித்துத் தொங்கவிடுவார்கள். ஜப்பானில் பனி விழும், ஹீட்டர் இல்லாத வண்டி அங்கே ஓடாது, ஆகவே வருகிற ஒவ்வொரு ஹாஃப் கட்டுக்குள்ளும் ஒரு ஹீட்டர் கோர் இருந்தே ஆக வேண்டும் என்று நாங்கள் வீட்டில் இருந்து கணக்குப் போட்டுப் போயிருந்தோம். கணக்கு சரி. ஆனால் எட்டாவது கடை நானா தமிழில் விளக்கினார். "வருது தங்கச்சி. யாரும் கேக்குறதில்ல. செம்பும் பித்தளையும்தானே, எடைக்குப் போட்டுடுவம்."

யாருக்கும் வேண்டாத சாமான் என்பதால்தான் கிடைப்பதற்கு இவ்வளவு அரிது. நானா எங்கள் ஃபோன் நம்பரை எழுதிவைத்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார். பெட்டியோடு ஒன்று, உள்ளே காய்ந்த இலைகள், எங்களுக்குத் தெரியாத மரத்தின் இலைகள். பேசினில் தண்ணி எடுத்து, கோரை உள்ளே அமுக்கி, ஒரு வாயை விரலால் அடைத்து மற்ற வாயால் ஊதிப் பார்த்தோம். குமிழி வரவில்லை. நாலாயிரம் ரூபாய். அம்மா மூவாயிரத்து ஐந்நூறுக்கு முடித்திருப்பார்.

அடுத்தது காஸ். கோரை எடுக்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் இருக்கிற ஏசிப் பெட்டி வெளியே வர வேண்டும், பெட்டி வர ஏசிக் குழாய்களைக் கழற்ற வேண்டும். "பைப்ப லூஸ் பண்ணுங்க, புஸ்ஸுன்னு போயிடும்" என்பது லேனில் எல்லாரும் தந்த அறிவுரை. எங்கள் வண்டி பிறந்தபோது அதில் இருந்தது ஆர்12, ஓசோன் படையைத் தின்கிற காஸ். 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாக நிறுத்தப்பட்டு, எங்களைப் போன்ற நாடுகளுக்கு 2010 கடைசித் தவணை. எங்களுக்கு முதல் வைத்திருந்த யாரோ அதை 134ஏக்கு மாற்றியிருந்தார்கள், பொனட்டுக்குள் ஸ்டிக்கர் இருக்கிறது. 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கும் மேல். சுற்றாடல் பற்றி அசைன்மென்ட் எழுதிவிட்டு அதைப் புஸ்ஸென்று விட எங்களுக்கு மனசு வரவில்லை. கண்ணில் பட்டால் கண் போகும் என்பதும் காரணம்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற லேன் ஒன்றில் ஏசி வேலை செய்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். மெஷினைப் பூட்டிக் காஸை சிலிண்டருக்குள் இழுத்துத் தந்தார். "பிள்ளையள், பைப்பைக் கழட்டின உடன வாயைக் கட்டிப்போட வேணும். உள்ளுக்க இருக்கிற ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்சுப்போடும்." பிறகு எங்களைப் பார்த்து, "ஆர் கழட்டப் போறது?" என்றார். நாங்கள்தான் என்றோம். அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய் நல்ல இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் கொண்டுவந்து தந்தார், காசு வேண்டவில்லை.

டாஷ்போர்ட் கழற்றுவது பற்றி வீரக்கதை சொல்ல ஒன்றும் இல்லை. அவுஸ்திரேலியாக்காரர் ஒருவரின் யூடியூப் காணொளியைப் பார்த்துச் செய்தோம். அமெரிக்கக் காணொளிகளில் ஸ்டியரிங் மற்றப் பக்கம், எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரித் தலைகீழ். பற்றரியைக் கழற்றி, தண்ணியைப் பேசினில் இறக்கி, ஸ்க்ரூக்களை ஐஸ்கிறீம் டப்பாக்களில் பேர் எழுதிப் போட்டோம். ஒரேயொரு விசயம் சொல்லலாம்: ஹோஸ் இறுகிப் பிடித்திருந்தால் முறுக்கி இழுக்காதீர்கள். உள்ளே இருக்கிற குழாய் கோரோடு சேர்ந்து உடையும். பிளேடால் ஹோஸை நீளமாகக் கீறி உரித்தெடுங்கள், ஹோஸ் மலிவு. லேன் ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். முதல் நாள் "இதுகளுக்கு ஏன் இந்த வேலை" என்றவர், இரண்டாம் நாள் பத்தாம் நம்பர் சாவி கொண்டுவந்து தந்தார்.

கண்ணாடிக்குக் காற்றுக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் குழல் டாஷ்போர்டின் அடியில் இரண்டாகப் பிரிகிறது. இடது கிளையைக் கழற்றியபோது உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. எலிக்கூடு என்று நினைத்துத் தங்கச்சி கையுறை தேடினாள். கடுதாசி. எட்டாக மடித்தது, ஓரம் எல்லாம் பொரிந்து மண்ணிறம். விரித்தால் பொலிஸ் பதிவுப் படிவத்தின் ஃபோட்டோகொப்பி. 2007. வீட்டில் இருப்பவர்கள் பட்டியல்: அப்பா, அம்மா, எங்கள் இரண்டு பேர். வயது 5, 3.

இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு அந்தப் படிவம் தெரியாமல் இருக்கலாம். கொழும்பில் இருந்த தமிழர்கள் தாங்கள் எங்கே, யாரோடு, எதற்காக இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்து வைக்க வேண்டிய காலம். 2007 ஜூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. மலையகத்தில் பிறந்தவர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தாலும் பேர் தமிழ்ப் பேர்தானே. சோதனைச் சாவடியில் உடனே எடுத்து நீட்டுவதற்காக அப்பா அந்தக் கொப்பியை டாஷ்போர்ட் மேல், கண்ணாடி ஓரம் வைத்திருப்பாராம். கண்ணாடி ஓரத்தில்தான் காற்று வருகிற இடுக்கும் இருக்கிறது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதத் தேடாத எடம் இல்ல" என்றார். பிறகுதான் சொன்னார். அந்த வருடம் ஒரு இரவு ஹயர் போய்த் திரும்பும்போது மறித்திருக்கிறார்கள். கொப்பி மேலேதான் இருந்தது என்று அவருக்கு நிச்சயம், கையை வைத்தால் இல்லை. விடியும் வரை வைத்திருந்துவிட்டு, அம்மா மூலப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகு விட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாளும் எங்களுக்கு இது தெரியாது. "யாரோ எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. யாரை நினைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. வண்டியில் அந்த நாள் கூட வந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்.

பழைய கோரை வெளியே எடுத்தபோது அதன் அடிப்பக்கம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் ஈயம் உதிர்ந்தது. புதியதைப் பெட்டிக்குள் இறக்கி, சுற்றி ஸ்பொஞ்ச் வைத்தோம். ஏசி எவபரேட்டரில் முப்பது வருடத் தூசி சேறாகக் கட்டியிருந்தது, அதையும் கழுவினோம். ஓ-ரிங்கும் ட்ரையரும் புதிது. ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது, அது எங்கே போக வேண்டியது என்று இன்றுவரை தெரியாது. கூலன்ட் ஊற்றி, ஹீட்டர் லீவரைச் சிவப்புப் பக்கம் தள்ளி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓட விட்டோம், உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வேண்டும். டாஷ்போர்டுக்குள் தண்ணி கொப்பளிக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. சூடான காற்று முகத்தில் அடித்தது. கொட்டாஞ்சேனையில், ஜூன் மாதத்தில். லேன் பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெள்ளவத்தை அண்ணை குழாய்க்குள் இருந்த காற்றை அரை மணி நேரம் மெஷினால் இழுத்து, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, காஸை நிறுத்துப் போட்டார். "ஹீற்றரும் வேலை செய்யுதோ?" என்று கேட்டார். செய்யுது என்றோம். தானே கையை வைத்துப் பார்த்தார்.

கம்பஸ் திறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை இரவு தலவாக்கலைக்குப் போனோம், அப்பாயியின் அறையைக் காலி பண்ண வேண்டும் என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அதே நேரம், அதே பாதை. வட்டவளையில் அதே பனி. அப்பா ஏசியைப் போட்டார், லீவரைச் சிவப்புக்குத் தள்ளினார், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினார். யாரும் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தெளிந்தது, பிறகு மேலே ஏறியது. வலது பக்கம் போலவே இடது பக்கமும். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அந்தப் பக்கத்தைத் துணியால்தான் துடைத்திருக்கிறோம். மார்ச்சில் சில்லு இறங்கிய கான் லைட் வெளிச்சத்தில் தெரிந்தது, நாங்கள் நினைத்திருந்ததை விடச் சின்னக் கான்.

அம்மா பின்னால் இருந்து, "ரொம்பச் சுடுது, கொஞ்சம் கொறைங்க" என்றார்.

அப்பா குறைக்கவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார்.